நெஞ்சில் தேடிய நோய் ஈரலில் இருந்தது

எனக்கு டீபி என்று முதலில் சொன்னது டாக்டர் அல்ல, நான்தான். மலாயா சுதந்திரம் பெறச் சில மாதங்கள் இருந்தன. மலாக்காவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்கும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், விடிவதற்குள் வேர்வையில் நனைந்த தலையணை, வறட்டு இருமல், வேட்டி இடுப்பில் நிற்காத மெலிவு. என் மனைவியின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் இதே அடையாளங்களோடுதான் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் காய்ச்சல், எனக்கும் காய்ச்சல்; அவருக்கு இருமல், எனக்கும் இருமல்; அவருக்கு டீபி, ஆகவே எனக்கும் டீபி. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு இது! என் வகுப்பில் யாராவது இப்படிப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

காஜா பேராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். நானே எனக்குத் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டேன், பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். நான்கு வயது மகள் மல்லிகாவைத் தெங்கேராவில் இருந்த மச்சினி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அவள் வாசலில் நின்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். நான் இரண்டடி பின்னால் போனேன். அந்த இரண்டடியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. டீபி உறுதியானால் பள்ளியில் எனக்கு இடமில்லை. பிள்ளையைத் தொட எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

என் மனைவி தனலட்சுமி அதிகம் படித்தவள் இல்லை. "டாக்டரு சொல்றதுக்கு முந்தி நீங்களே ஏன் லா சொல்றீங்க? மொதல்ல ஆஸ்பத்திரிக்கி வாங்க" என்றாள். அந்த 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும். நான் அவளிடம் நோய்க்குறிகளை விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவள் விரலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பலகை பெஞ்சில் காலை முழுவதும் காத்திருந்தோம். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வலப்பக்கத்து நுரையீரலின் அடியில் பால் சிந்தியதுபோல ஒரு நிழல் இருந்தது. வெள்ளைக்கார டாக்டர் உயரமானவர், பொறுமையானவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது டீபி உண்டா என்று கேட்டார். மச்சான் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். வயிற்றுக் கோளாறு ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன். அன்றைக்கு இல்லைதான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

டீபி வார்டில் இடம் இல்லை. இடம் வரும்வரை பொது வார்டின் கடைசியில், வராந்தாப் பக்கமாக இரண்டு கட்டில்கள். ஒன்று எனக்கு, இன்னொன்றில் முனியாண்டி. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி. முப்பது வயது இருக்கும். கைக்குழந்தையும் பெண்டாட்டியும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் இருந்தார்கள். அவருக்கும் என்னைப்போலவே காய்ச்சல், இருமல், மெலிவு. நல்ல பேச்சுக்காரர்.

"சார், எங்க தொரை புது ஒரம் ஒண்ணு வாங்கியாந்தாரு. ஆபீஸ் பக்கத்து நெரை மரத்துக்கு மட்டும் போட்டாரு. பால் கூடிப்போச்சுன்னு ஒரே கொண்டாட்டம். அது நல்ல மண்ணு சார். ஒரம் போடறதுக்கு முந்தியும் அந்த மரங்கதான் கூடப் பால் குடுக்கும். தெனம் வெட்டுற எனக்குத் தெரியாதா? என்னைய யாரு கேட்டா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்ததில் இருமினேன். உரத்தைப் போட்ட மரத்தையும் போடாத மரத்தையும் ஒரே மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற விஷயம் படித்த துரைக்குத் தெரியவில்லை, படிக்காத முனியாண்டிக்குத் தெரிந்திருக்கிறது. என்ன மூளை இந்த மனிதருக்கு என்று வியந்தேன்.

மூன்று நாள் காலைச் சளியை எடுத்துப் பார்த்தார்கள். முனியாண்டியின் சளியில் டீபிக் கிருமி இருந்தது. என்னுடையதில் மூன்று தடவையும் இல்லை. "கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது" என்றார் டாக்டர். அது நியாயமான பேச்சுதான். ஆனால் கிடைத்தாலும் டீபி, கிடைக்காவிட்டாலும் டீபி என்றால் சோதனை எதற்கு? இந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் கிருமி கெட்டிக்காரக் கிருமி, ஒளிந்துகொள்கிறது என்று தனலட்சுமியிடம் விளக்கம் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு வெளிச்சமும் பேயாகத் தெரிந்தது.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஆரம்பித்தார்கள். டீபிக்கு அப்போது அதுதான் பெரிய மருந்து. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் தலையாட்டினார், நான் தலையாட்டினேன். தலையாட்டாதவர் ஒருவர்தான்.

அவர் கோபால் பிள்ளை, அந்த வார்டின் டிரசர். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவில் நின்று, கட்டுப் போடுவது முதல் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுவரை எல்லாம் செய்பவரை இங்கே டிரசர் என்போம். காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும், பழைய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளில் ஒருவர். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள். அவரும் நானும் மலாயில்தான் பேசினோம். என்னைச் 'சிக்கு' என்பார். வாத்தியார்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவரைப் பார்த்ததும் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. காரணம் உண்டு. எங்கள் வாசகசாலையில் வாசிப்பதற்காக 'மொழி போனால் சமயம் போகும்' என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்காகச் செட்டிகள் குடியிருப்பில் வீடு வீடாக நோட்டும் கையுமாகப் போனேன். "தாங்கள் நீத்தார் கடனை எம்மாதத்தில் ஆற்றுகிறீர்கள்?" என்று செந்தமிழில் கேட்டேன். பாவம், அவர்கள் சிரித்தார்கள், உட்காரச் சொன்னார்கள், தேநீரும் குவே என்ற பலகாரமும் கொடுத்தார்கள். நான் குவேயைத் தின்றுவிட்டு 'அறியார்' என்று எழுதிக்கொண்டேன். கோபால் பிள்ளை வீட்டிலும் தின்றேன், எழுதினேன்.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் தாளைக் கழற்றி, ஊசி போடுவதற்கு முந்தைய நாட்களை விரலால் தொட்டார்.

"சிக்கு, இங்கே பாருங்கள். ஊசிக்கு முன்னாலும் ஒருதடவை இப்படி இரண்டு நாள் இறங்கியிருக்கிறது. பிறகு ஏறியது. இந்தத் தடவையும் ஏறுகிறதா பார்ப்போம், லா."

மறுநாள் மாலை ஏறியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நான் எத்தனை வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன்! என் பனம்பழம் விழுந்தபோது காக்கைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று கோபால் பிள்ளை சட்டைப் பையிலிருந்து மடங்கிப்போன ஒரு நோட்டை எடுத்தார். "புக்கு சாலா" என்றார். தப்பு நோட்டு என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இந்த நோய் என்று நினைத்து வேறு நோயாக முடிந்த ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருந்தார். யார் நினைத்தது என்ற பெயர் இல்லை. என்ன நினைத்தோம், ஏன் நினைத்தோம், எதைக் கேட்க மறந்தோம், அவ்வளவுதான். அவருடைய சொந்தத் தப்புகளுக்கு மட்டும் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு. கோடுகள் நிறைய இருந்தன.

நான் சரித்திரம் படித்தவன். ஜெயித்தவன் தன் ஜெயத்தை எழுதி வைத்ததைத்தான் படித்திருக்கிறேன். தோற்றதைத் தேதிவாரியாக எழுதிப் பையில் சுமந்துகொண்டு திரியும் மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். எழுந்து கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. வெட்கம் விடவில்லை.

"இந்த வாரம் வந்தவர்களில் இருமினவர்கள் பலபேர் டீபி" என்றார். "அதனால் இப்போது யார் இருமினாலும் நமக்கு டீபியாகத் தெரியும். டீபி இல்லை என்று வைத்துக்கொண்டால் வேறு என்னவாக இருக்கும்? அதைக் கேட்டுப் பார்க்கலாமா?"

கேட்டது என்னை அல்ல, தனலட்சுமியை. பகல் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தீபாவளியிலிருந்து நான் எங்கெங்கே போனேன், என்ன சாப்பிட்டேன், எப்போதெல்லாம் படுத்தேன், மாதம் மாதமாகச் சொல்லச் சொன்னார். அவளும் கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தமிழும் மலாயும் கலந்து வரிசையாகச் சொன்னாள். பேச்சு தைப்பூசத்துக்கு வந்ததும், நிறுத்தச் சொல்லி நான் இருமிக் காட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் சீதபேதி. ரத்தமாப் போச்சு."

"அத ஏன் இப்பச் சொல்றே? அது எப்பவோ சரியாப் போச்சே!" என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிட்டதே என்ற கோபம். மாதுளை ஓட்டுக் கஷாயம் குடித்தேன், பேதி நின்றது. ஆகவே கஷாயம் அதைத் தீர்த்துவிட்டது என்பது என் முடிவு. தீர்ந்துபோன நோயை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் ஒரு வாத்தியார், வெள்ளைக்காரரிடம், பேதியைப் பற்றி!

"சரியாப் போச்சுன்னு நீங்க சொன்னீங்க. நான் எங்க சொன்னேன்?" என்றாள் அவள்.

கோபால் பிள்ளை தைப்பூசத்தையும் சீதபேதியையும் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் காலை டாக்டர் சுற்றிவரும்போது பின்னாலேயே வந்தார். டிரசர் டாக்டரிடம் மறுத்துப் பேசுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. மறுத்துப் பேசவும் இல்லை அவர். சீதபேதிக் கதையைச் சொல்லிவிட்டு, "விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு விரலால் அழுத்திப் பார்க்கலாமா, டாக்டர்? வலிக்கவில்லை என்றால் என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன், ஓரத்தில் கோடு போட்டு" என்றார்.

டாக்டர் சிரித்தபடி குனிந்து வலது விலாவின் கீழே ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட அலறலில் வார்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டாக்டருடைய சிரிப்பு நின்றது. படத்தை மறுபடியும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு நர்ஸுகளும் நோயாளிகளும் கேட்க, "எனக்கு வேண்டியதைத்தான் நான் இந்தப் படத்தில் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதையும் தவறாகக் கேட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாடாண்ட இனத்தைச் சேர்ந்த மனிதர், ஒரு டிரசர் முன்னால், ஒரு தமிழ் வாத்தியாரின் கட்டிலருகே நின்று அப்படிச் சொன்னார். கோபால் பிள்ளையைப் போலவே அவரையும் நான் அன்றையிலிருந்து மனத்தில் உயரத்தில் வைத்திருக்கிறேன்.

நோய் இதுதான். சீதபேதியை உண்டாக்கும் அமீபா என்னும் நுண்ணுயிர், பேதி நின்ற பிறகும் குடலில் தங்கும். ரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியை வளர்க்கும். ஈரல் வீங்கி மேலே முட்டினால் நுரையீரலின் அடி நசுங்கும். அதனால் இருமல், அதனால் படத்தில் நிழல். கட்டி நெஞ்சுக்குள் உடைந்தால் பிழைப்பது கடினம். இன்னும் ஒரு வாரம் டீபி மருந்தையே போட்டுக்கொண்டிருந்தால் உடைந்திருக்கும் என்றார் டாக்டர்.

நீளமான ஊசியை விலாவுக்குள் செலுத்திச் சீழை இழுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டும் உயிர் போய்த் திரும்பியது. வந்தது மஞ்சள் சீழ் அல்ல, காய்ச்சிய சாக்லெட் நிறம். அந்த நிறத்தைப் பார்த்ததும் டாக்டரும் கோபால் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத்தான் அப்புறம் பல நாள், அதே நிறத்து இறால் துவையலான சம்பால் பெலாச்சான் இறங்கவில்லை. பிறகு எமட்டின் என்ற ஊசி, தினம் ஒன்று, பத்து நாள். அது அமீபாவைக் கொல்லும், இருதயத்தையும் தட்டிப் பார்க்கும். அதனால் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் கோபால் பிள்ளையே பழைய கதையை எடுத்தார். "சிக்கு, எங்கள் வீட்டில் ஏதோ கேட்டீர்களே, என்ன கேட்டீர்கள்?" மலாயில் திருப்பிக் கேட்டேன். "அடடா, அதுவா? பொங்கலுக்கு முதல் நாள் வாழையிலை போட்டு முன்னோருக்குப் படைப்போம். தாத்தாவின் தாத்தா பெயர்வரை சொல்லிக் கும்பிடுவோம். உங்களுக்கு எத்தனை தலைமுறைப் பெயர் தெரியும்?"

யோசித்தேன். இரண்டு. அவர்களுக்கு என் கேள்விதான் புரியவில்லை. விஷயம் எனக்குத்தான் தெரியவில்லை. கட்டுரையை வாசகசாலையில் நான் வாசிக்கவே இல்லை.

இத்தோடு என் கதையை முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் இனிமேல்தான் இருக்கிறது நான் செய்த பெரிய தப்பு.

காய்ச்சல் விட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், டீபி என்றார்கள், இல்லை என்று ஆயிற்று, படத்தை நம்பினார்கள், ஏமாந்தார்கள் என்று வீரப்பிரதாபம் பேசினேன். கையருகே இருக்கும் கட்டிலில் முனியாண்டி கேட்டுக்கொண்டே கிடந்தார். அவருடைய டீபி மாத்திரைகள் விழுங்காமலே தலையணைக்கடியில் சேர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஆறாவது ஊசி போட்ட காலை, அவர் கைலியை மாற்றிக்கொண்டு துணி மூட்டையோடு நின்றார்.

"பஸ்ஸுக்குப் போறேன் சார். எனக்கும் டீபி இல்ல. உங்களுக்கும் இதே காய்ச்ச, இதே இருமல். உங்களுக்குத் தப்பாச் சொன்னவங்கதான எனக்கும் சொன்னாங்க? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒங்களப் பாத்துட்டேன், போதும். புள்ளையப் பாக்கணும்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டேன், யாரும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் லயத்து அறைக்கு அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறார், என் பேச்சைக் கேட்டு. எழுந்தேன். வராந்தாத் தூண் ஒவ்வொன்றாகப் பிடித்து நடந்தேன். படிக்கட்டில் அவர் கையைப் பிடித்தபோது நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"நீயும் நானும் ஒரே பானை இல்ல முனியாண்டி. என் சளியில கிருமி இல்ல. ஒன் சளியில இருக்கு."

"இருக்குன்னு அவங்க சொல்றாங்க. உங்க படத்துலயும் இருக்குன்னுதான சொன்னாங்க? உங்களுக்கு இல்லாமப் போன மாதிரி எனக்கும் இல்லாமப் போகக் கூடாதா சார்?"

அவர் கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை, ஆசை. மல்லிகாவைப் பார்த்து நான் பின்னால் வைத்த அடியை, இவர் வைக்க மாட்டேன் என்கிறார்.

அதற்குள் கோபால் பிள்ளை ஓடிவந்தார். முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மலாயில் நன்றாக ஏசினார். பிறகு முனியாண்டியைப் பார்த்தார். அதட்டவில்லை. "நீ சந்தேகப்படுவது சரி" என்று எல்லோருக்கும் புரியும் பஜார் மலாயில் சொன்னார். "நான் சொன்னதற்காக நம்பாதே. வந்து நீயே பார்."

என்னைக் கட்டிலில் கிடத்திவிட்டு, முனியாண்டியைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு பால்வெட்டுக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பைத் திருகிக் கொடுத்து, முதலில் என் பெயர் எழுதிய பழைய கண்ணாடித் துண்டையும் அப்புறம் அவர் பெயர் எழுதியதையும் காட்டினாராம். ஒரே சாயம், ஒரே மைக்ராஸ்கோப். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். முனியாண்டி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். தலையணைக்கடியிலிருந்த மாத்திரைகளை எடுத்துக் கோபால் பிள்ளையிடம் கொடுத்தார். அன்றைய மாத்திரையைத் தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினார்.

"ஒங்களதுல ஒண்ணுமே இல்ல சார். வெறும் நீலம். என்னதுல சின்னச் சின்னச் செவப்புக் குச்சி. நெறைய இருக்கு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"சார்" என்றார், திரும்பாமலே. "வெளிய போயி உங்க கதைய எல்லாருக்கும் சொல்லுவீங்கல்ல?"

"சொல்லுவேன்."

"என்னையும் சேத்துச் சொல்லுங்க."